நாலும் பீப்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில் சகாயராணிக்கு ஒரு கடை. செத்த மானிட்டர்கள் அங்கே வந்து உயிரோடு திரும்பும். அவளுக்கு வயது முப்பத்து நாலு, படிப்பு எட்டாம் வகுப்பு. சீடர் திருவேங்கடத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியார்.

அவளை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

அன்று காலை அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். நல்ல சாமானை இன்னொரு தடவை செத்ததென்று கழற்றிப் போட்டால், நாளையிலிருந்து அவர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வீடென்றால் சம்சாரத்தோடு உட்கார்ந்து பகல் முழுக்க சீரியல். 

மேஜையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மானிட்டர் திறந்து கிடந்தது. போன மாதம்தான் சரிசெய்து கொடுத்தார்கள். நேற்று மறுபடி இருண்டு வந்துவிட்டது. போர்டில், ஒரே லைனில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் நாலு கண்டென்சர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. திருவேங்கடம் முதலாவதன் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தார். பீப் என்றது. ஷார்ட், அதாவது செத்தது. இரண்டாவதும் பீப். மூன்றும் அப்படியே, நாலும் அப்படியே.

"குருவே, நாலும் போச்சு. கழற்றிடட்டுமா?"

"நாலுமா? சொல்லி வச்ச மாதிரியா?"

"மீட்டர் சொல்லுது. மீட்டர் பொய் சொல்லுமா?"

அவள் பதில் சொல்லுமுன் ஸ்டுடியோக்காரர்களே வந்துவிட்டார்கள். முன்னால் முதலாளி கோட்டைச்சாமி. பின்னால் கேமராமேன், ஆல்பம் போடுகிறவர், லைட்மேன்.

உட்காருமுன்னே கோட்டைச்சாமி ஆரம்பித்தார். ஒரு மாதம் தாங்காத ரிப்பேர் ஒரு ரிப்பேரா, இந்தக் கடைப் பெயரைச் சந்தி சிரிக்க வைக்கிறேனா இல்லையா பார் என்று கத்தினார். சகாயராணி ஒரு படி கூடுதலாகக் கத்தினாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியபோது, மானிட்டர் எப்படி நின்றது என்று கேட்டாள்.

"தானா நின்னுபோச்சு," என்றார் கோட்டைச்சாமி.

"தானாத்தான்," என்றார் கேமராமேன். ஆல்பக்காரரும் அதையே சொன்னார். லைட்மேன் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார்.

"சார், மீட்டரைக் கீழ வைங்க. இங்க கவனிங்க," என்றாள் சகாயராணி.

கேமராமேனை டீ வாங்க அனுப்பினாள். மிச்ச மூவரிடமும் கேட்டாள். தானாகத்தான் நின்றதாம். டீ வந்தது. சர்க்கரை இல்லாமல் ஒன்று வேண்டுமென்று ஆல்பக்காரரை அனுப்பினாள். மறுபடி கேட்டாள். அப்போதும் தானாகத்தான். அவரும் டீயோடு வந்து சேர்ந்தார்.

பிறகு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, போலீஸ்காரங்க உங்க வண்டியைத் தூக்குற மாதிரி இருக்கே."

கோட்டைச்சாமி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

மூவரும் வாசலை எட்டிப் பார்த்தார்கள்.

"ஜிகர்தண்டா, அக்கா," என்றார் லைட்மேன்.

அதற்குமேல் மூவரையும் நிறுத்த முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் முகம் திரையில் பச்சையாகத் தெரிந்ததாம். முதலாளி கோபத்தில் மேஜையைக் குத்தினாராம். பெரிய கிளாஸ் ஜிகர்தண்டா, பாலும் சர்க்கரைப் பாகுமாக, அப்படியே மானிட்டர் தலையில் கவிழ்ந்ததாம். துடைத்தும் எறும்பு வந்ததாம். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டிக் கூட்டி வந்தாராம்.

சகாயராணி ஈயத்தை உருக்கும் சால்டரிங் கம்பியைத் திருவேங்கடத்தின் பக்கம் தள்ளினாள்.

அவர் கம்பியைப் பார்த்தார். மூன்று ஆட்களையும் பார்த்தார். கோட்டைச்சாமி விட்டுப்போன காலி நாற்காலியைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

பிறகு முதல் கண்டென்சரின் ஒரு காலை மட்டும் சூடு வைத்து லைனிலிருந்து தூக்கினார். மற்ற மூன்றிலும் மீட்டரை வைத்தார். பீப். முதலாவதன் காலைத் திரும்ப ஊன்றிவிட்டு இரண்டாவதைத் தூக்கினார். பீப். அதையும் ஊன்றிவிட்டு மூன்றாவதன் காலைத் தூக்கினார்.

முதலாவது சத்தம் போடவில்லை. இரண்டாவதும் இல்லை, நாலாவதும் இல்லை. ஒற்றைக் காலில் நின்ற மூன்றாவதைத் தொட்டார். அது மட்டும் விடாமல் கத்தியது. லைனில் இருந்தவரை மற்ற மூன்றையும் அதுதான் கத்த வைத்திருந்தது.

அதை மட்டும் பிடுங்கினார். 

கோட்டைச்சாமி மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். வண்டியை ஒரு பயலும் தொடவில்லை என்று சிடுசிடுத்தார். அவருடைய ஆட்கள் மூவரும் டீ கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, கோளாறு எதுன்னு தெரிஞ்சுதா இல்லையா?"

திருவேங்கடம் குருவைப் பார்த்தார். அவள் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"தெரிஞ்சிருச்சுண்ணே. நீங்க வெளிய போனதும்."