எட்டு விரலுக்கு ஒரு ரிவால்வர்

“எதைக் கண்டா எதிராளி நடுங்குவான் டீச்சர்? சொல்லுங்க, அதையே வாங்கிப் போடுதேன்.”

மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார்.

ஆற்று மணலை அள்ளிப்போன லாரிகளுக்கு முன்னால் படுத்து மறித்த மனுஷன். ஊர்த் தலைவர். அதற்குக் கூலியாக ஒரு நாள் மத்தியானம், முகத்தில் துண்டு கட்டின இரண்டு பேர் பைக்கில் வந்து அரிவாளை வீசினார்கள். கழுத்துக்கு வந்தது. இடது கையைக் குறுக்கே கொடுத்தார். கழுத்து தப்பியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன.

மணல் கேஸில் அவர்தான் சாட்சி. கூண்டில் ஏறுவதற்குள் ஆளைத் தீர்த்துவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. அதனால்தான் சர்க்கார் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்தது.

எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. போலீஸ்காரர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளை. வேலையை விட்டு வந்து, ஊருக்கு வெளியே ரைபிள் கிளப்பில் பழக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட ரொம்ப இளையவர். இருந்தாலும் அந்த வாசலில் மாசிலாமணி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

டீச்சர் மேஜையில் இரண்டை வைத்தார். கறுப்பாய், கனமாய் ஒரு பிஸ்டல். பக்கத்தில் சின்னதாய் ஒரு ரிவால்வர்.

மாசிலாமணி கறுப்பை எடுத்தார்.

“ஏன் அண்ணாச்சி?”

“பாத்தாலே பயப்படுவான்லா.”

“பயமுறுத்தத்தான்னா வாசல்ல திருஷ்டி பொம்மை கட்டுங்க. செலவு கம்மி.”

அவர் சிரிக்கவில்லை.

“சரி, அதோட மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுங்க. அப்பத்தான் முதல் குண்டு ஏறும்.”

இடது கையால் பிடித்து இழுத்தார். கட்டைவிரல் இல்லாத கை வழுக்கியது. பல்லைக் கடித்து இழுத்தார். மறுபடி வழுக்கியது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

டீச்சர் அதை வாங்கி வைத்தார். ரிவால்வரை அவருடைய வலது கையில் வைத்து விரல்களை மூடினார்.

“சுடுறதுக்கு இந்த ஒரு கை போதும். அவன் கண்ணை நெனச்சு வாங்காதீங்க அண்ணாச்சி. உங்க கையைப் பாத்து வாங்குங்க.”

பழகத் தொடங்கினார்.

“துப்பாக்கி காலியா?”

“காலி.”

“பாத்தீங்களா?”

“இப்பத்தானே டீச்சர் பாத்தேன்!”

“அப்ப இன்னொரு தடவை பாருங்க.”

விரலை விசைக்கு வெளியே வைக்கப் பழகினார். குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகினார்.

“வீட்ல எங்க வைப்பீங்க?”

“தலகாணிக்கு அடியில.”

“பேத்தி எங்க படுப்பா?”

மாசிலாமணி மறுநாள், பூட்டு வைத்த இரும்புப் பெட்டியைச் சுவரில் பதித்தாயிற்று என்று வந்து சொன்னார்.

குறி நன்றாக விழ ஆரம்பித்தது.

“கடைக்குப் போயி வாங்கிரட்டுமா?”

“இன்னும் இல்ல.”

“என்ன டீச்சர் இது! அந்த பைக் நேத்தும் எங்க தெருவைச் சுத்திட்டுப் போயிருக்கு. நீங்க சரின்னு சொல்லாம வாங்க மாட்டேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அதுக்குள்ள என் கதை முடிஞ்சிட்டுன்னா?”

டீச்சர் முகம் வாடித்தான் போனது. ஆனாலும் அலமாரியைத் திறந்து, மரத்தில் செதுக்கின ரிவால்வர் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே ஈயம் ஊற்றியிருந்தது. அசல் கனம்.

“ஒரு வாரம் இதை இடுப்புல சுமந்துட்டு வாங்க. சட்டைக்கு உள்ள. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

“மரத்தையா?”

“மரத்தைத்தான்.”

வாரம் கழிந்து வந்தார்.

“எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“வேட்டிக்கு நிக்கல. பெல்ட் போட்டாலும் சரியுது. பேண்ட் தைக்கக் கொடுத்திருக்கேன். கல்யாணத்துக்கே பேண்ட் போடாதவன் நான்.”

“வேற?”

“கோயிலுக்குள்ள போகல. சட்டையைக் கழத்தணும்லா. வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்தேன்.”

“வேற?”

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

“டீக்கடையில சின்னத் தகராறு. இசக்கிப்பாண்டின்னு ஒரு லாரி டிரைவர். ‘என்ன எட்டு விரலு, டீ கிளாசு கையில நிக்குதா?’ன்னான்.”

“நீங்க?”

“‘உன் கன்னத்துக்கு எட்டு போதும்லே’ன்னேன். எந்திச்சான். நானும் எந்திச்சேன். மூஞ்சிக்கு மூஞ்சி. கடைக்காரன்தான் நடுவுல விழுந்து பிரிச்சான்.”

“உங்க வலது கை எங்க இருந்துச்சு?”



“சட்டைக்கு உள்ள.”

“வெட்டுனவன் அவனா?”

“சே, இல்ல. லாரி நின்னதுல அவனுக்குப் பொழப்பு போச்சு. பிள்ளைகுட்டிக்காரன். அந்தக் கடுப்பு.”

“இடுப்புல ஒண்ணும் இல்லாத நாள்ல இப்படி அவன் பேசுனது உண்டா?”

“உண்டு.”

“அப்ப என்ன செஞ்சீங்க?”

“காது கேக்காத மாதிரி வீட்டுக்குப் போயிட்டேன்.”

“நீங்க வச்சிருந்தது மரம்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“இடுப்புக்குத் தெரியல.”

வெளியே யாரோ சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அதே கடைக்குப் போங்க அண்ணாச்சி. திரும்பவும் பேசுவான். அன்னைக்குப் பேசுனது என் தப்புன்னு சொல்லிட்டு வாங்க.”

“நானா? அவன்கிட்டயா? அத்தனை பேரு முன்னால?”

“ஆமா.”

“அப்புறம் தலைவருன்னு நான் ஊருக்குள்ள நடக்க முடியுமா?”

“முடியாமலும் போகலாம்.”

“அதுக்கு அந்த வெட்டு கழுத்துலயே விழுந்திருக்கலாம்.”

“அப்படின்னா உங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம். வீட்டுக்குப் போங்க.”

போய்விட்டார். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். ஒரு நாள் காலையில் வந்து நின்றார். உட்காரவில்லை.

“நேத்து போனேன்.”

“ம்.”

“அவன் இருந்தான். ‘என்ன எட்டு விரலு, இன்னைக்கும் சட்டைக்குள்ள கையை விடுவீரா? வயித்துக் கடுப்பா ஓய்?’ன்னான். கடையே சிரிச்சுது.”

“நீங்க?”

“‘அன்னைக்கு நான் பேசுனது தப்பு இசக்கி. மனசுல வச்சுக்காதப்பா’ன்னேன்.”

“அவன்?”

“முழிச்சான். அவனுக்கு என்ன சொல்லன்னு தெரியல. பெஞ்சுல இருந்த இன்னொருத்தன்தான், ‘தலைவருக்கு உதறல் எடுத்துட்டுலே’ன்னான். நான் டீக்குக் காசைக் கொடுத்துட்டு நடந்தேன். தெரு முழுக்க முதுகு எரிஞ்சுது.”

இடது கையில் மிச்சமிருந்த விரல்களைத் தடவிக்கொண்டார்.

“வெட்டுப்பட்ட அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல டீச்சர். நேத்து கதவைச் சாத்திட்டு அழுதேன்.”

“கை எங்க இருந்துச்சு?”

“பெஞ்சு மேல. எல்லாரும் பாக்க.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

“வாங்க, கடைக்குப் போவோம். நானும் வாரேன்.”

கடைக்காரர் துணியை விரித்து ரிவால்வரை வைத்தார். புதுசு. எண்ணெய் வாடை அடித்தது.

மாசிலாமணி அதைத் தொடவில்லை.

“டீச்சர், இதைச் சுமந்துக்கிட்டு நான் இனிமே எத்தனை பேருகிட்ட தோத்துப் போகணும்?”

“எல்லாருகிட்டயும்.”

“பைக்குல வாரானே, அவன்கிட்ட?”

டீச்சர் தெருவைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“ஓட வழி இருக்கிற வரைக்கும், அவன்கிட்டயும்.”



மாசிலாமணி ரிவால்வரை எடுக்க வலது கையை நீட்டினார்.