கரட்டுக் குகைச் சாவி

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

வேங்கைக்கரடு என்று ஒரு சின்ன மலை. மேலே வரைக்கும் மரக்காடு. காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். அடிவாரத்து மடத்தில் பூவாத்தாள் என்று ஒரு அம்மா. வயது நாற்பதுகூட இருக்காது. அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டவர் செங்கோடன். அரிசி மில்லைப் பிள்ளைகள் கையில் விட்டுவிட்டு வந்த நரைத்த தலை. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வராது.

செங்கோடனுக்கு ஒரே ஆசைதான். கரட்டு உச்சியில் ஒரு குகை உண்டு. குரங்குத் தொல்லைக்காகக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும். சாவி பூவாத்தாள் இடுப்பில். அந்தக் குகையில் தனியாகக் கிடந்து மிச்சக் காலத்தைக் கழித்துவிட வேண்டும். கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது மனுசனுக்கு.

ஒரு சித்திரை மாதக் காலையில் அவள் சொன்னாள்: "ஒருநாள் தனியா ஏறிட்டு வாங்கண்ணா. தனியா இருக்க முடியுதான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் சாவியைப் பேசிக்கலாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். தனியாகக் கரடு ஏறுகிறவர், பாதி வழியில் வழுக்குப்பாறையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, கீழே பார்த்துக் கூவ வேண்டும். ஆடு மேய்க்கிறவரோ தண்ணீர் சேந்துகிறவரோ, யார் காதில் விழுந்தாலும் பதிலுக்குக் கூவுவார்கள். ஆள் பத்திரம் என்று அர்த்தம். கூவல் வராவிட்டால் கீழே ஒருத்தருக்கும் வேலை ஓடாது.

செங்கோடன் வழுக்குப்பாறையில் நின்றார். கூவல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். தனியாக இருக்க வந்தவனுக்குக் கீழே இருக்கிறவர்களோடு என்ன பேச்சு?

மேலே ஏறினார். வெயில் இலைக்கு நடுவில் காசு காசாக விழுந்து கிடந்தது. காலுக்கடியில் சருகு நொறுங்கியது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மரங்கொத்தி ஒன்று கொத்திவிட்டு நின்றது. இதையும் சொல்ல வேண்டும். உச்சியில் பாறை கொதித்தது. குகைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மனசு குளம் மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்லலாமா? வேண்டாம், குளம் எல்லாரும் சொல்லுவாங்க. காத்தடிச்சு ஓய்ஞ்ச காடு மாதிரின்னு சொல்லலாம். அது நன்றாக இருந்தது. உச்சியிலும் அவர் கூவவில்லை.

இறங்கி வந்தபோது பூவாத்தாள் மடத்து வாசலில், கரட்டுப் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த கஞ்சிப் போசி.

செங்கோடன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயிலைச் சொன்னார், சருகைச் சொன்னார், மரங்கொத்தியைச் சொன்னார். ஓய்ந்த காட்டையும் சொன்னார். கடைசியில், "ஒரு மனுசக் குரல் கேக்கலீங்கம்மா. நானும் வாயைத் தொறக்கல. சுத்தமாத் தனியா இருந்தேன்," என்றார்.

"நல்லாச் சொல்றீங்கண்ணா. இதையெல்லாம் எப்ப யோசிச்சு வெச்சீங்க?"

"ஏறும்போதேதானுங்க."

"யாருகிட்டச் சொல்ல?"

"உங்ககிட்டத்தான்."

பூவாத்தாள் இரண்டு காலையும் நீட்டினாள். எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்து முட்டியில் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அதான் காலையிலிருந்து கால்ல கரடு ஏறின வலி."

செங்கோடன் பார்வையைத் தாழ்த்தினார். கஞ்சிப் போசி கண்ணில் பட்டது. மூடியை எடுத்துப் பார்த்தார். மேலே ஆடை கட்டிக் காய்ந்திருந்தது.

"சாப்பிடலீங்களா?"

"நீங்க கூவுவீங்க, கேட்டுட்டுக் குடிக்கலாம்னு இருந்தேன்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"நாளைக்கே போங்கண்ணா. போறப்ப என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்தாள். போசியைப் பக்கத்தில் இழுத்து, ஆடையை ஒதுக்கிவிட்டு, ஆறிப்போன கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தாள்.