எலியின் சாட்சி

நாலடி ஆழத்தில், ஐயாயிரம் வருஷத்து மண்ணடுக்கில் ஓர் இரும்பு ஆணி கிடைத்தது. அகழாய்வுக் குழியின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கடலை மிட்டாய் தின்றுகொண்டே வேலை வாங்கும் இயக்குநர் சடகோபன், உலக வரலாற்றையே திருத்திவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மண் சுமக்கும் கன்னியம்மா ஆணி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் மண் கல்லாக இறுகியிருந்தது. அங்கே மட்டும் வட்டமாக, கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது.

"சார், இது எலி வளை. மேல்மண்ணு சரிஞ்சு உள்ள விழுந்திருக்கு. ஆணியும் அதோட வந்ததுதான்."

"எனக்கே பாடமா? அப்போ அந்த எலியைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா. பத்திரிகைக்காரங்க வர்றதுக்குள்ள வரலேன்னா, நாளைலேருந்து உனக்கு வேலை கிடையாது."

கன்னியம்மா அந்தப் பொலபொல மண்ணை மட்டும் கையால் வாரி வெளியே எடுத்தாள். கேமராக்கள் வந்து நின்றபோது கொஞ்சம் உமி வந்தது. அதன் பின்னால் கசங்கிய கடலை மிட்டாய்க் காகிதம் ஒன்று வந்தது.

அவள் அதைத் தட்டித் துடைத்து, பணிவாக நீட்டினாள்.

"எலி ஓடிப்போச்சு சார். ஆனா ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நீங்க இங்க உக்காந்து மிட்டாய் தின்னிருக்கீங்க. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

மறுநாள் கன்னியம்மா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். இயக்குநர்தான் தலைவலி என்று வரவில்லை.