ஒரு பாட்டில் சாயத் தண்ணீர்

"அந்தம்மா ஏரியில காலைக்கூட நனைச்சதில்ல, தோழர். ஆனா அரசாணையில அவங்க பேருதான் இருக்கு."

மாசிலாமணி இப்படித்தான் வந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சூசையம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இயக்கத்தில் அரசியல் வகுப்பு எடுத்தவர். வயதில் மாசிலாமணிக்கு இளையவர். ஆனாலும் மாசிலாமணி வாயை மூடிக்கொண்டு கேட்பது இந்த ஒரு ஆள் பேச்சைத்தான்.

"எந்தம்மா?"

"முனைவர் இன்பவல்லி."

முனைவர் என்ற சொல்லைச் சோற்றில் கிடந்த கல்லைத் துப்புவதுபோலச் சொன்னார்.

செம்பேரி ஏரிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் மாசிலாமணி. துண்டறிக்கை அடித்தவர், பசை காய்ச்சித் தன் கையாலேயே சுவர் சுவராக ஒட்டியவர், தடியடியில் முன்பல்லைக் கொடுத்தவர். அத்தனைக்கும் சாயப்பட்டறைகள் கழிவை ஏரியில் விட்டுக்கொண்டேதான் இருந்தன.

பிறகு இன்பவல்லி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். சாயப்பட்டறைகளுக்கு அரசு தடை போட்டது. ஆணையின் முதல் பக்கத்திலேயே அந்த ஆய்வின் பெயர் இருந்தது. துண்டறிக்கைகளைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

"சரி, இப்ப என்ன?"

"தடைக்காலம் முடியுது. நீட்டிக்கலாமா வேண்டாமான்னு பார்க்க ஒரு குழு போட்டிருக்காங்க. அந்த ஆய்வால ஏரிக்கு என்ன பலன்னு என்னை எழுதித் தரச் சொல்றாங்க."

"உங்களையா?"

"போராடினவன் சொன்னா எடுபடும்ல. பலன் இல்லைன்னு நான் எழுதினா தடை போயிடும்."

"எழுதப்போறீங்களா?"

"உண்மையை எழுதுவேன்."

"உண்மையைப் பார்த்தீங்களா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "மாநாட்டுக்கு மாநாடு பொன்னாடை போர்த்துறாங்க அந்தம்மாவுக்கு. எத்தனை பேரு அந்த ஆய்வை மேற்கோள் காட்டினாங்கன்னு மேடையில படிக்கிறாங்க. மேற்கோளை மீன் திங்குமா தோழர்?"

"திங்காது. போய் மீனைப் பார்த்துட்டு வாங்க."

மாசிலாமணி போனார்.

ஏரி நாறிக் கிடக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனார். அவர் சாமி கும்பிடாதவர். யாரிடம் வேண்டினார் என்பது அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் திரும்பி வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

சூசையம்மாள் வீட்டுக்குப் பின்னால் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணி துவைகல்லின் மேல் ஒரு பாட்டிலை வைத்தார். உள்ளே கருநீலமாக என்னவோ தளும்பியது.

"பாருங்க. மை மாதிரி இருக்கு. இதுதான் அந்த ஆய்வோட பலன். நேரா கொண்டுபோய்க் குழு மேசையில வைக்கப்போறேன். அந்தக் காலத்துல கலெக்டர் மேசையில வச்சேனே, அதே மாதிரி."

"கலெக்டர் மேசையில வச்சதை எங்க மொண்டீங்க?"

"எங்கயா? பஸ்ஸை விட்டு இறங்கினேன், குனிஞ்சேன், மொண்டேன். அப்ப எங்க கைய வச்சாலும் சாயம்தானே."

"இதை?"

"இதையா?" மாசிலாமணிக்குக் குரல் ஏறியது. பட்ட பாட்டைச் சொல்ல யாராவது கேட்டால் அவருக்கு அது போதும்.

"விடியக்காலையில இறங்கினேன், தோழர். பஸ் நிக்கிற இடத்துல கிடைக்கல. சரின்னு மதகுக்குப் போனேன். அங்க பயலுக குதிச்சு நீந்துறானுக, மொள்ள விடல. வடகரையில பாத்தா வேட்டி வெளுத்துக் காயப்போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் பூரா நாரைக் கூட்டம், எச்சத்துல வழுக்கி விழப் பாத்தேன். செருப்பு வாரு அறுந்துபோச்சு. நான் விடல. கரையைச் சுத்தி வந்து, பொழுது சாயுற நேரத்துல, பூட்டிக் கிடக்குற பட்டறைக்குப் பின்னால ஒரு பழைய தொட்டி. அதுக்கு அடியில கொஞ்சூண்டு..."

பேச்சு அங்கேயே நின்றது.

சூசையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பாத்திக்கு வாய்க்காலை வெட்டிவிட்டார்.

மாசிலாமணி பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். காலடியில் குனிந்தார்.

"அங்க ஊத்தாதீங்க, தோழர். கீரை விதைச்சிருக்கேன்."

அவர் மறுபக்கம் திரும்பினார்.

"அங்க கிணறு."