கார்டை எப்போது அனுப்புவது?

மண்ணடியில் ஒரு மாடிக்கடை. கிரிக்கெட் வீரர்கள் படம் அச்சிட்ட கார்டுகளை வாங்கி விற்கிற கடை. அதை நடத்துகிற சபீனாவுக்கு முப்பத்திரண்டு வயசு. அவளிடம் பாடம் கேட்க வருகிற வைகுண்டத்துக்கு அறுபத்தொன்று. மனுஷன் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே அதட்டிய வாய் அவளை மட்டும் டீச்சர் என்று கூப்பிடும்.

அன்றைக்குப் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

அப்போது யாருக்கும் பேர் தெரியாத ஒரு பையன், இடக்கை வேகப்பந்து வீச்சாளன். அவனுடைய முதல் வருஷ கார்டைப் போன வருஷம் இதே கடையில் வாங்கியிருந்தார். அமெரிக்காவுக்கு அனுப்பினால் முனை, ஓரம், அச்சு எல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். பத்து வாங்கிய கார்டுக்குத்தான் மவுசு. எப்போது அனுப்பலாம் என்று அப்போதே கேட்டார். பையன் பெரிய மேட்ச் ஆடட்டும், பொறுங்கள் என்றாள் சபீனா.

நேற்று பையன் ஆறு விக்கெட் எடுத்துவிட்டான். இப்போது ஊரே அவன் கார்டைத் தேடி எடுத்து அனுப்புகிறது. இனி அனுப்பினால் திரும்பி வர ஒரு வருஷமாகும். வைகுண்டத்துக்குப் பணம் பெரிசில்லை. படம் வாங்கிச் சேர்க்கிற வயசா இது என்று வீட்டில் மகன் சிரித்தபோது, இது பத்து வாங்கும் பார் என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தார். அந்தச் சிரிப்பு அடங்க வேண்டும்.

"உங்க பேச்சைக் கேட்டு மோசம் போனேன். அன்னைக்கே அனுப்பியிருந்தா இன்னைக்கு என் கையில பத்து இருக்கும்."

கடையில் நின்ற இரண்டு பேர் நைசாக நழுவினார்கள். சபீனா கார்டை வாங்கி விளக்கின் கீழே வைத்து, லென்ஸை அவர் பக்கம் தள்ளினாள்.

வலது மேல்முனை வெளுத்து மழுங்கியிருந்தது.

வைகுண்டம் மேசையைத் தட்டினார். டீச்சர் போய் நீ வந்தது. விற்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும், கிழவன்தானே என்று என் தலையில் கட்டிவிட்டாய் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் முகமும் சிவந்தது. விற்ற அன்றைக்கு எடுத்த படத்தைப் போனில் பெரிசாக்கிக் காட்டினாள். நாலு முனையும் கூராக இருந்தன.

"உறையிலிருந்து எத்தனை தடவை வெளியே எடுத்தீங்க?"

எடுக்காமல் இருப்பேனா என்று எகிறினார். பையன் விக்கெட் எடுத்தால் எடுத்துக் கொஞ்சினாராம். சொதப்பினால் எடுத்துத் திட்டினாராம். மகன் சிரித்தால் அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாராம். அது போக, தினமும் காபிக்கு முன்னால் ஒரு தடவை, முனை சரியாக இருக்கிறதா என்று பார்க்க. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை. அது அவர் மேலேயே திரும்பியிருந்தது.

லென்ஸை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"சரி, பத்து போச்சு. எட்டு கிடைக்குமில்ல? இப்பவாவது ஒழுங்கா சொல்லுங்க டீச்சர். எப்ப அனுப்பலாம்? அடுத்த தொடர் முடியட்டுமா?"

சபீனா கார்டை உறையில் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"இன்னைக்கே சார். வீட்டுக்குக் கொண்டு போனீங்கன்னா ஏழாயிடும்."