கரையில் தொங்கிய முரசு

மழையில் நனைந்த முரசு கணீரென்று ஒலிக்காது. தொண்டை கட்டியவர் கூப்பிடுவதுபோல, தொம், தொம் என்று அடங்கிக் கேட்கும். எப்போதோ கேட்டது, இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கதையும் அந்த ஒலிக்குள்தான் இருக்கிறது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டையை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சிரிப்பார், மத்தியானம் சீறுவார். அவர் நாட்டில் செங்குளம் என்று ஓர் ஊர். ஏரிக்கரை கசிந்தால் முரசடித்து ஊரைக் கூட்டுவது அங்கே வழக்கம். முரசு ஊர்த்தலைவர் வீட்டுக்குள் இருக்கும். அவர் மட்டுமே அடிக்கலாம். ஓர் ஐப்பசியில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். கசிவைக் கண்டவர்கள் ஓடிவந்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏரி உடைந்தது. பயிரும் வீடுகளும் போயின.

ராஜா மந்திரி ஆளவந்தாரை அழைத்தார். "அந்த ஊருக்கு நல்ல தலைவன் ஒருவனை உண்டாக்கிவிட்டு வாரும்."

மந்திரி போனார். மாதங்கள் ஓடின. மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த தளவாய் மல்லப்பன் ராஜாவின் காதைக் கடித்தார்.

"தலைவனை உண்டாக்கப் போனவர் வீடு வீடாகக் கூழ் குடிக்கிறார், ராஜாவே! 'உனக்கு எதைக் கண்டால் பயம்? அதற்கு நீ என்ன செய்வாய்?' என்று எல்லாரையும் கேட்கிறாராம். ஓர் ஆணைகூடப் போடவில்லை. முரசைக் கரையோர மரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்!"

அது ராஜா சீறும் நேரம். மந்திரிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து நின்றதும் ராஜா சீறினார்.

"அடைமழைக்கு நானே செங்குளம் வருவேன். அங்கே தலைவன் இல்லையென்றால் உமது முத்திரை மோதிரம் மல்லப்பனுக்கு!"

"ஆகட்டும். ஒரு விண்ணப்பம். அன்று, தலைவர் என்று தளவாய் யாரைக் கருதுகிறாரோ அவரைப் பிடித்து வந்து உங்கள் கூடாரத்தில் உட்காரவைக்கட்டும்."

"தலைவனைப் பிடித்துவைத்தால் ஏரி என்னய்யா ஆகும்?"

"அதைத்தான் பார்க்க வேண்டும், ராஜாவே."

மல்லப்பன் மீசைக்குள் சிரித்தார்.

மழை வந்தது, ராஜாவும் வந்தார். "கரை விஷயத்தில் யார் பேச்சைக் கேட்பீர்கள்?" என்று மல்லப்பன் ஊரில் விசாரித்தார். வெள்ளத்தில் வீட்டை இழந்த பேச்சாயியைச் சிலர் காட்டினார்கள். அவளைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்.

மந்திரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பயமா, மந்திரியாரே?" என்றார் ராஜா.

"பயந்தான். இன்னொரு முறை வீடிழக்கப் போவது நானில்லையே."

அப்போது கேட்டது: தொம், தொம்.

ராஜா துள்ளி எழுந்தார். "தலைவி இங்கே இருக்கிறாள். அடிப்பது யார்?"

பேச்சாயி காதைத் தீட்டினாள். "அது மூக்கன் மருமக, சாமி. மாமியார் மேல உள்ள கோவத்தையெல்லாம் அதுலதான் காட்டுவா."

மல்லப்பன் ஓடிப்போய் அவளையும் பிடித்துவந்தார். முரசு கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி ஒலித்தது.

"இது?"

"குயவர் சாத்தன். சட்டி தட்டுற கை, சீரா விழும்."

மல்லப்பன் மறுபடி கிளம்பினார். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நில், மல்லப்பா! கூடாரத்தில் இடமில்லை." பெண்கள் இருவரையும் விடுவித்து, அழைத்துக்கொண்டு கரைக்கே போனார்.

செங்குளத்தார் கூடிப் பேசித் தாங்களே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கசிவைக் கண்டவர் முரசடிக்கலாம். அன்றைக்கு அவர் சொல்தான் சொல். அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் அடிப்பார்.

"யாருய்யா அது, பட்டு உடுத்தினவரு?" என்று சாத்தன் கத்தினான். "வேடிக்கை பாக்கவா வந்தீரு? கூடையப் பிடியும்!"

மல்லப்பன் வாளை உருவினார். "அடேய், இவர் யார் தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன, ரெண்டு கை இருக்குல்ல? உருவினது உருவினீரு, அந்தக் கத்தியால கசிவை அடைக்கத் தழை வெட்டிப் போடும்!"

ராஜா கூடையை வாங்கிக்கொண்டார். "வெட்டு, மல்லப்பா. முரசடித்தவர் சொல்லிவிட்டார்."

கரை நின்றது. சேறு படிந்த ராஜா, பேச்சாயிக்குத் தலைவிப் பட்டமும் பொன்முரசும் தருவதாகச் சொன்னார்.

"பொன்னுன்னா பூட்டி வைக்கணுமே, சாமி," என்றாள் அவள். "எங்களுக்குத் தோலே போதும்."

மோதிரம் மந்திரியின் விரலிலேயே இருந்தது. மழைதோறும் செங்குளத்தில் தழை வெட்டும் வேலை மல்லப்பனுக்கு வந்தது.

சில வருஷம் கழித்து, ஓர் ஐப்பசியில் ஆளவந்தார் இறந்துபோனார். அன்று அடைமழை. செங்குளத்திலிருந்து யாரும் இழவுக்கு வரவில்லை. கரையில் வேலை இருந்தது.