கிணறு வெட்டும் வெடிக்குடம்

வேங்கைநாட்டு மன்னர் கோதண்டவர்மருக்குச் சமாதானம் என்றால் உயிர். அதற்காகவே பன்னிரண்டு வெடிக்குடங்களைக் கிடங்கில் வைத்திருந்தார். ஒன்று வெடித்தால் ஓர் ஊர் இருக்காது. பக்கத்துப் பாறைநாட்டு அரசர் அரிமர்த்தனரும் ஒரு குடம் செய்துவிட்டார் என்று ஒற்றர்கள் சொன்னதும் மன்னருக்குத் தூக்கம் போய்விட்டது. இத்தனை கொடிய ஆயுதம் பொறுப்பில்லாதவர் கையில் இருக்கலாமா என்று சபையில் மனம் உருகினார். உடனே படையெடுக்கலாம் என்றார் சேனாதிபதி.

அயல்நாட்டு விவகாரங்களைக் கவனித்துவந்த ஏகாம்பரர் அவசரமாக எழுந்து நின்றார். மகளை எல்லையோரத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். சண்டை வந்தால் அந்தக் குடம் விழுவது அங்கேதான். பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு பாறைநாட்டுக்குப் புறப்பட்டார்.

அரிமர்த்தனர் இளநீர் கொடுத்து உபசரித்தார். குடத்தைப் பற்றிக் கேட்டதும், அது ஆயுதமே இல்லை, பாறையை உடைத்துக் கிணறு வெட்டத்தான் என்று சாதித்தார்.

இவ்வளவு நல்ல காரியத்தை ஒளித்துச் செய்யலாமா என்று ஏகாம்பரர் உருகிப்போனார். சுற்றியுள்ள ஆறு நாட்டு அரசர்களையும் அழைத்து, அரண்மனை முற்றத்திலேயே முதல் கிணற்றை வெட்டிக்காட்டச் சொன்னார். அழைப்பு எழுத ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துவிட்டார்.

அரிமர்த்தனருக்கு வியர்த்தது. முற்றத்தில் வெடித்தால் அரண்மனை மிஞ்சாது. மாட்டேன் என்றால் கிணறு பொய்யாகிவிடும். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உங்கள் மன்னரிடம் இருக்கும் பன்னிரண்டு எதற்காம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஏகாம்பரர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். அருகே போய் மெல்லப் பதில் சொன்னார். அரிமர்த்தனர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலையே குடத்து மருந்தைக் குளத்தில் கொட்டிக் கரைத்துவிட்டார்.

செய்தி கேட்ட கோதண்டவர்மர் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரரின் கழுத்தில் போட்டார். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எப்படி முடிந்தது என்று விசாரித்தார்.

"நம் குடங்கள் எதற்கு என்று கேட்டார், அரசே. அவையும் கிணறு வெட்டத்தான் என்று சொன்னேன்."

"நல்ல சாமர்த்தியம். நம்பினாரா?"

"முழுக்க நம்பினார். அடுத்த பௌர்ணமிக்கு ஆறு நாட்டு அரசர்களோடு வருகிறார். நம் அரண்மனை முற்றத்தில் பன்னிரண்டு கிணறுகள் வெட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். அதற்குள் குடங்களே இல்லாமல் போனால் வரமாட்டாராம்."

மன்னர் எழுந்துபோய் முற்றத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏகாம்பரரே, நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?"